கியர் ரேஷியோவை எங்கிருந்து தொடங்குவது? ஆஃப்-ரோடு வண்டிக்கு ஒரு ரிடக்ஷன் பாக்ஸ்

பாஹா டீம் வைத்திருக்கும் எந்தக் கல்லூரியிலும் புதிதாகச் சேரும் ஜூனியர் முதலில் கேட்கும் கேள்வி, "அண்ணா, நம்ம கியர்பாக்ஸ் ரேஷியோ எவ்ளோ?" பதில் உடனே வந்துவிடும்: எட்டு, ஒன்பது, பத்து என்று ஏதோ ஒரு எண். அடுத்த கேள்விதான் சிக்கல்: "ஏன் அந்த எண்?" "போன வருஷம் அதுதான் இருந்துச்சு" என்ற பதில் டிசைன் ஜட்ஜ் முன்னால் செல்லாது. அவரை விடுங்கள், மேட்டில் பாதி ஏறி நின்றுபோன வண்டிக்கு முன்னாலும் செல்லாது.

இந்தக் கட்டுரை அந்த "ஏன்"-க்கான பதில். ரேஷியோவைத் தரையிலிருந்து தொடங்கி எஞ்சினை நோக்கிக் கணக்கிட வேண்டும். அப்படி வந்த டார்க்கை மறுபடி எஞ்சினிலிருந்து தரை வரை ஒவ்வொரு பாகமாகப் பின்தொடர வேண்டும். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. பல்லின் அளவு, ஷாஃப்ட்டின் தடிமன் எல்லாம் இந்த இரண்டு நடையில் வந்துவிடும்.

எந்த வண்டி?

எஸ்.ஏ.இ.இந்தியா நடத்தும் பாஹா போட்டி 2007-ல் மத்தியப் பிரதேசத்தின் பீதாம்பூரில் தொடங்கியது. இதன் மூலம் 1976-ல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் நடந்த போட்டி. மாணவர்களே ஒரு ஆள் ஓட்டும் ஆஃப்-ரோடு வண்டியை வடிவமைத்துக் கட்ட வேண்டும். நாம் கணக்குக்கு எடுத்துக்கொள்வது இந்த வகையில் பலரும் பார்த்திருக்கும் அமைப்பு: பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 305 சி.சி. பெட்ரோல் எஞ்சின், 10 எச்.பி., கவர்னர் 3800 ஆர்.பி.எம்.-ல் கட்டுப்படுத்தும். டார்க் சுமார் 19 நியூட்டன் மீட்டர். எஞ்சினுக்கு அடுத்து பெல்ட் சி.வி.டி., அதற்கு அடுத்து நாம் செய்யப்போகும் இரண்டு கட்ட ரிடக்ஷன் பாக்ஸ், பிறகு பின்சக்கரங்கள்.

வண்டி 170 கிலோ, டிரைவர் 70 கிலோ, மொத்தம் 240 கிலோ. எடை 2354 நியூட்டன். டயர் 22 இஞ்ச்; பாரம் ஏறினால் கொஞ்சம் அமுங்கும் என்பதால் ஆரம் 0.27 மீட்டர். சி.வி.டி.யின் மிகக் குறைந்த கியர் நிலை 3-க்கு 1. வழியில் தேய்மானம், பெல்ட் வழுக்கல் எல்லாம் போக 80 சதவீதம் சக்கரத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நடை: தரையிலிருந்து எஞ்சினுக்கு

கீரனூரைச் சுற்றிப் பார்த்தால் நமக்குத் தேவையான தரை எல்லாமே இருக்கு. செம்மண், சரளை, நார்த்தாமலைப் பக்கம் வெறும் பாறை, ஊருக்கு ஊர் கண்மாய்க்கரை. 2-க்கு 1 என்று சரிவு வைத்த ஒரு மண்கரை 26.6 டிகிரி. கண்ணால் பார்த்தால் சுவர் மாதிரி தெரியும். போனில் இருக்கும் லெவல் ஆப்பை ஒரு நேரான பலகை மேல் வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். (அளக்கலாம், ஆனா கரையில வண்டியை ஏத்தாதீங்க. டயர் கீறின தடத்துலதான் மழைத்தண்ணி ஓடி அரிக்கும், உடைப்பு அங்கதான் ஆரம்பிக்கும். சோதனைக்கு காலேஜ் கிரவுண்டுல மண் கொட்டி மேடு போட்டுக்கங்க.)

நம் இலக்கு 30 டிகிரி மேடு என்போம்.

மேட்டில் வண்டியைக் கீழே இழுக்கும் விசை: 2354 × சைன் 30 = 1177 நியூட்டன்.
இளகிய தரையில் சக்கரம் உருள்வதற்கான தடை (கெழு 0.08): 0.08 × 2354 × காஸ் 30 = 163 நியூட்டன்.
மொத்தம் 1340 நியூட்டன்.
சக்கரத்தில் தேவையான டார்க்: 1340 × 0.27 = 362 நியூட்டன் மீட்டர்.
எஞ்சின் தரக்கூடியது, இழப்பு போக: 19 × 0.8 = 15.2 நியூட்டன் மீட்டர்.
மொத்த ரேஷியோ: 362 ÷ 15.2 = 23.8.
சி.வி.டி. 3 மடங்கு தந்துவிடுகிறது. மீதி 23.8 ÷ 3 = 7.9.

ஆக பாக்ஸுக்கு 8. இதே கணக்கை 35 டிகிரிக்குப் போட்டால் 8.9 வரும். "அப்போ 9 வெச்சுட்டா 35 டிகிரியும் ஏறிடுமே?" என்று தோன்றும். பெரும்பாலான டீம்கள் இங்கேதான் நின்றுவிடுகின்றன. தரையிடம் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு.

தரை எவ்வளவு தாங்கும்?

சக்கரம் எவ்வளவு சுழற்றினாலும், டயரும் மண்ணும் பிடித்துக்கொள்ளும் அளவுக்குத்தான் வண்டி நகரும். அதற்கு மேல் போனால் சக்கரம் அங்கேயே சுற்றிக் குழி தோண்டும்.

சமதரையில் எடையின் 60 சதவீதம் பின்சக்கரத்தில் இருப்பதாகக் கொள்வோம். வீல்பேஸ் 1.4 மீட்டர், எடை மையத்தின் உயரம் 0.5 மீட்டர். மேட்டில் ஏறும்போது எடை பின்னால் சாயும். 35 டிகிரியில் பின்சக்கரங்கள் மேல் செங்குத்தாக விழும் விசை:

2354 × (0.6 × காஸ் 35 + (0.5 ÷ 1.4) × சைன் 35) = சுமார் 1639 நியூட்டன்.

நல்ல காய்ந்த கெட்டித் தரையில் பிடிப்புக் கெழு 0.8 என்றால் தரை தரக்கூடிய அதிகபட்ச இழுவை 1639 × 0.8 = 1311 நியூட்டன். 35 டிகிரி மேடு கீழே இழுக்கும் விசை மட்டுமே 1350. அதாவது 9 வைத்தாலும் 12 வைத்தாலும் இந்த வண்டி அந்த மேட்டில் ஏறாது. கியரில் குறை எதுவும் இல்லை, பிடிப்புதான் தீர்ந்துபோகிறது.

30 டிகிரியில் அதே கணக்கு 1643 × 0.8 = 1315 தரும். தேவை 1177. ஏறும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

எந்தச் சரிவு வரை பிடிப்பு தாங்கும் என்று நேரடியாகவே தீர்க்கலாம். கெழு 0.8 என்றால் சுமார் 34 டிகிரி. சரளை உருளும் தரையில் கெழு 0.6 என்று வைத்தால் வெறும் 24.6 டிகிரி. மேலே சொன்ன 26.6 டிகிரி கரை, தளர்ந்த சரளையாக இருந்தால் நம் வண்டிக்கு எட்டாது. அங்கே ரேஷியோவை மாற்றி ஒரு பயனும் இல்லை. டயரை மாற்றலாம், காற்றைக் குறைக்கலாம், எடையைப் பின்னால் தள்ளலாம், அல்லது நான்கு சக்கரத்துக்கும் டிரைவ் கொடுக்கலாம். நான்கு சக்கரமும் இழுத்தால் அதே 0.6 தரையில் 31 டிகிரி வரை போகலாம்.

ஆகவே ரேஷியோவுக்கு ஒரு மேல் எல்லை இருக்கிறது. அந்த எல்லையைத் தரைதான் வைக்கிறது. நம் வண்டிக்கு 8 கிட்டத்தட்ட அந்த எல்லையிலேயே இருக்கு. அதற்கு மேல் வைத்தால் எடையும் பெரிய பல்சக்கரமும்தான் கூடும்.

பழைய ஜீப்பில் இதே பாடம்

இரண்டாம் உலகப்போர் காலத்து வில்லிஸ் எம்.பி. ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-களின் கடைசியில் மஹிந்திரா நம் நாட்டில் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்ததும் வில்லிஸ் நிறுவனத்திடமிருந்துதான். அதில் முதல் கியர் 2.665, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 1.97, ஆக்ஸில் 4.88. மூன்றையும் பெருக்கினால் 25.6. நம் வண்டி 3 × 8 = 24. 60 எச்.பி. ஜீப்பும் 10 எச்.பி. வண்டியும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. டயர், எடை, எஞ்சின் எல்லாம் வேறு. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி மேட்டைப் பார்த்து வடிவமைக்கப்பட்டவை.

இன்னொரு விஷயம் கவனியுங்கள். அந்த ஜீப்பில் முன் ஆக்ஸிலை இணைக்காமல் லோ ரேஞ்சுக்குப் போக முடியாது. உள்ளேயே ஒரு பூட்டு இருக்கிறது. ஏன்? லோ ரேஞ்சின் முழு டார்க்கும் பின் ஆக்ஸில் ஒன்றுக்கே போனால் ஒன்று டயர் சுற்றும், இல்லை ஆக்ஸில் முறுக்கப்படும். டார்க்கைப் பெருக்கும்போதே அதை வாங்கிக்கொள்ள இன்னும் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துவிட்டார்கள். நாம் மேலே போட்ட பிடிப்புக் கணக்கு அந்த இரும்புப் பூட்டில் அப்படியே இருக்கு.

நம் வண்டிக்கும் ஜீப் மாதிரி ஹை, லோ என்று இரண்டு ரேஞ்ச் வேண்டுமா? பெல்ட் சி.வி.டி. 3-லிருந்து 1-க்கும் கீழே தானாகவே மாறுகிறது. அந்த வேலையை அது ஏற்கெனவே செய்துவிடுவதால், நம் பாக்ஸ் ஒரே ரேஷியோவில் இருந்தால் போதும். சி.வி.டி. இல்லாத வண்டிக்குச் செய்வதென்றால் இடைஷாஃப்ட்டில் இன்னொரு ஜோடி கியரும், நடுவில் நகரும் ஒரு டாக் கிளட்சும் வேண்டும். அதில் சிங்க்ரோமெஷ் இருக்காது. வண்டியை நிறுத்திவிட்டுத்தான் ரேஞ்ச் மாற்ற வேண்டும்.

"டாப் ஸ்பீடு போயிடாதா?" சி.வி.டி. 0.43 வரை போகும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் காகிதத்தில் மணிக்கு 112 கிலோமீட்டர் வரும். அதை நம்பாதீங்க. 10 எச்.பி.யில், இளகிய தரைத் தடையையும் காற்றுத் தடையையும் சேர்த்தால் இந்த வண்டி 60-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். டாப் ஸ்பீடைப் பவர் தீர்மானிக்கிறது. பாக்ஸ் 8 என்பது அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

இரண்டாம் நடை: எஞ்சினிலிருந்து தரைக்கு

இப்போது 8-ஐ இரண்டு கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒரே ஜோடியில் 8 வேண்டுமென்றால் 17 பல் பினியனுக்கு 136 பல் சக்கரம். பாக்ஸ் அண்டா அளவுக்கு வந்துவிடும். 8-ன் வர்க்கமூலம் 2.83, ஒவ்வொரு கட்டமும் அதற்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.

20 டிகிரி அழுத்தக் கோணத்தில் பினியனுக்கு 17 பல்லுக்குக் கீழே போனால் பல்லின் அடி குடையப்படும். 18-க்கு 51, 17-க்கு 48 என்றால் சரியாக 8 வரும். ஆனால் 18-ம் 51-ம் 3-ஆல் வகுபடும். பினியனின் ஒரு பல் எதிர்ச்சக்கரத்தில் குறிப்பிட்ட 17 பற்களோடு மட்டுமே திரும்பத் திரும்பச் சேரும். ஒரு பல்லில் சின்ன வடு இருந்தால் அதே இடங்கள் மட்டும் தேயும். பொதுவான வகுஎண் இல்லாமல் எடுத்தால் ஒவ்வொரு பல்லும் எதிரில் இருக்கும் எல்லாப் பற்களையும் சந்திக்கும், தேய்மானம் சமமாகப் பரவும். அதனால்:

முதல் கட்டம்: 19-க்கு 53, ரேஷியோ 2.79, மாட்யூல் 2, பல் அகலம் 20 மி.மீ.
இரண்டாம் கட்டம்: 17-க்கு 49, ரேஷியோ 2.88, மாட்யூல் 3, பல் அகலம் 28 மி.மீ.
பெருக்கினால் 8.04. மைய தூரம் 72 மி.மீ., 99 மி.மீ.

இரண்டாம் கட்டத்துக்கு ஏன் பெரிய மாட்யூல் என்பதை டார்க்கைப் பின்தொடர்ந்தால் புரியும். சி.வி.டி.யைத் தாண்டிப் பாக்ஸுக்குள் நுழையும் டார்க் சுமார் 48.5 நியூட்டன் மீட்டர். முதல் பினியனின் விட்டம் 38 மி.மீ.; பல் மேல் விழும் விசை சுமார் 2550 நியூட்டன். இடைஷாஃப்ட்டுக்கு வரும்போது டார்க் 132 ஆகிவிடும். 51 மி.மீ. பினியனில் பல் மேல் 5200 நியூட்டன். அரை டன்னுக்கும் மேலான பாரம், ஒரு பல்லின் மேல்!

லூயிஸ் சூத்திரம்: அழுத்தம் = விசை ÷ (அகலம் × மாட்யூல் × வடிவக் காரணி). காரணி 19 பல்லுக்கு 0.314, 17 பல்லுக்கு 0.303; அட்டவணை நம் எல்லோர் பையிலும் இருக்கும் பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக் மாதிரிப் புத்தகங்களில் கிடைக்கும். காரணி மாட்யூலை வைத்தா, பிட்சை வைத்தா என்று தலைப்பைப் பார்த்து எடுங்க. இரண்டுக்கும் நடுவில் பை மடங்கு வித்தியாசம்.

முதல் கட்டம்: 2550 ÷ (20 × 2 × 0.314) = 203 மெகா பாஸ்கல்.
இரண்டாம் கட்டம்: 5200 ÷ (28 × 3 × 0.303) = 204 மெகா பாஸ்கல்.

வண்டி குதித்து, ஆக்ஸிலரேட்டர் அழுத்தியபடியே தரையில் விழும்போது சக்கரம் திடீரென்று பிடிக்கும். அந்த அடி நேராகப் பல்லுக்கு வரும். அதற்காக 2 மடங்கு வைத்தால் இரண்டு கட்டமும் 410-க்குள். கட்டங்கள் இரண்டும் ஒரே அளவு உழைக்கின்றன என்பதுதான் நல்ல டிசைனின் அடையாளம். ஒன்று 200-ம் இன்னொன்று 600-ம் என்றால், ஒன்றில் வீணாக எடை, இன்னொன்றில் உடைசல்.

லூயிஸ் பல் முறிவை மட்டும் சொல்லும். பல்லின் மேற்பரப்பு குழி விழுவதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கும் டேட்டா புக்கில் வரிசையாக இருக்கு, விட்டுவிடாதீங்க.

கடைசியில் அவுட்புட் ஷாஃப்ட்டுக்கு வருவது சுமார் 375 நியூட்டன் மீட்டர். 28 மி.மீ. திட ஷாஃப்ட்டில் முறுக்கு அழுத்தம் 87 மெகா பாஸ்கல். 25 மி.மீ. என்றால் 122. மூன்று மில்லிமீட்டருக்கு இவ்வளவு வித்தியாசம், ஏனென்றால் விட்டத்தின் மூன்றாம் அடுக்கு. இது வெறும் முறுக்கு; வளைவும் கீவே மூலையும் சேரும்போது கணக்கு ஏறும். முடிந்தால் கீவேக்குப் பதில் ஸ்ப்லைன் வையுங்கள். ஷாஃப்ட்டுக்கு இ.என். 24 பழக்கமான தேர்வு.

பட்டறையில்

கியருக்குத் தமிழில் பற்சக்கரம் என்று நல்ல சொல் இருக்கு. பட்டறையில் போய்க் கேட்கும்போது கியர் என்றே கேளுங்கள். கூடவே மாட்யூல், பல் எண்ணிக்கை, அழுத்தக் கோணம், அகலம், ஹீட் ட்ரீட்மென்ட் ஐந்தையும் டிராயிங்கில் எழுதிக் கொடுங்கள். இதில் ஒன்று விடுபட்டாலும் பட்டறைக்காரர் தன்னிடம் இருக்கும் கட்டரை வைத்து வெட்டிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கீரனூரிலிருந்து திருச்சி போகிற வழியில் மாத்தூர், அந்தப் பக்கம் துவாக்குடி, அரியமங்கலம் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. டர்னிங், மில்லிங், வெல்டிங் வேலைக்குத் தூரம் போக வேண்டியதில்லை. கியர் ஹாபிங், கார்புரைசிங், கிரைண்டிங் மூன்றும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் விசாரியுங்கள். இடத்தைவிட வரிசை முக்கியம்:

1. 20எம்.என்.சி.ஆர்.5 ஸ்டீலில் பிளாங்க் டர்னிங், பிறகு ஹாபிங்.
2. கார்புரைசிங்: மேல்தோல் 0.5 முதல் 0.8 மி.மீ. ஆழம்.
3. ஹார்டனிங், டெம்பரிங்: தோல் 58 முதல் 62 எச்.ஆர்.சி., உள்ளே நெகிழ்வான கோர்.
4. கடைசியாகத் துளையும் முகமும் கிரைண்டிங்.

மூன்றாம் படியில் கியர் லேசாகக் கோணும். துளையை அதற்கு முன்பே கடைசி அளவுக்கு முடித்துவிட்டால் திருத்த வழி இருக்காது. ஆழ ஹார்டன் செய்த பல் கண்ணாடி மாதிரி உடையும், ஹார்டன் செய்யாத பல் மெழுகு மாதிரி தேயும். இந்தத் தோலும் கோரும் சேர்ந்ததுதான் நமக்கு வேண்டியது.

கேஸிங்குக்கு 6061-டி6 அலுமினியம். இரண்டு பாதியையும் டவல் பின் போட்டுச் சேர்த்து, பேரிங் துளைகளை ஒரே செட்டிங்கில் போர் செய்யச் சொல்லுங்கள். தனித்தனியாகச் செய்தால் இரண்டு பக்கத் துளையும் ஒரே கோட்டில் நிற்காது. ஷாஃப்ட் சாயும், பல்லின் ஒரு ஓரம் மட்டும் பாரம் வாங்கும். நாம் கணக்கில் 28 மி.மீ. அகலம் என்று எழுதியது நிஜத்தில் 8 மி.மீ. ஆகிவிடும்.

இடைஷாஃப்ட்டுக்கு 6205 பேரிங் என்று எடுத்துப் பார்க்கலாம். டைனமிக் லோடு ரேட்டிங் சுமார் 14 கிலோ நியூட்டன். மேட்டில் ஒரு பேரிங் மேல் 4 கிலோ நியூட்டன் என்று வைத்தாலும் 4 கோடி சுற்றுக்கு மேல் வரும். அந்த நிலையில் இடைஷாஃப்ட்டின் வேகம் சுமார் 450 ஆர்.பி.எம்.; ஆயிரம் மணி நேரத்துக்கு மேல். போட்டியின் எண்டியூரன்ஸ் 4 மணி நேரம். பேரிங் சாவது பெரும்பாலும் பாரத்தால் இல்லை, சீல் வழியே உள்ளே போகும் செம்மண்ணால். நல்ல ஆயில் சீல் போடுங்க.

பூட்டும்போது

பேக்லாஷ் 0.1-லிருந்து 0.15 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். பல்லில் பிரஷ்யன் ப்ளூ தடவிக் கையால் சுற்றினால் எங்கே பல் படுகிறது என்பது தெரியும். அகலத்தின் நடுவில் பட வேண்டும், ஓரத்தில் மட்டும் பட்டால் பிரித்துவிடுங்கள்.

ஆயில் 80 டபிள்யூ 90 கியர் ஆயில். பெரிய சக்கரத்தின் பல் ஒன்றிரண்டு பல் ஆழம் நனைந்தால் போதும். அதிகம் ஊற்றினால் கடைந்து சூடாகும். ஒரு கட்டத்துக்கு 2 சதவீதம் இழப்பு என்றாலும் 7.5 கிலோவாட்டில் 300 வாட் வெப்பம். மூன்று பழைய நூறு வாட் குண்டு பல்பை அந்தச் சின்னப் பெட்டிக்குள் எரியவிட்ட மாதிரி. அதனால் பிரீதர் கட்டாயம். இல்லையென்றால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீலைத் தள்ளும்.

வண்டியில் ஏற்றும் முன் ஸ்டாண்டில் பாரமில்லாமல் அரை மணி நேரம் ஓட்டி, ஆயிலை வடித்து, அதில் காந்தம் வைத்துப் பாருங்கள். மாவு மாதிரி வந்தால் புதுப் பல் பழகுகிறது. சில்லு வந்தால் ஓட்டாதீங்க. சி.வி.டி.க்கும் சுழலும் பாகங்களுக்கும் கார்டு போடாமல் ஸ்டாண்டில்கூட எஞ்சினை எடுக்க வேண்டாம். அறுந்த பெல்ட் யார் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்களே போட்டுப் பார்க்க

ஒன்று: டயரை 24 இஞ்ச் ஆக்கி, ஆரம் 0.29 மீட்டர் என்று வைத்து அதே 30 டிகிரிக்கு ரேஷியோ கண்டுபிடியுங்கள். (விடை 8.5-க்குப் பக்கத்தில் வரும்.)

இரண்டு: பின்சக்கர எடையை 60-லிருந்து 65 சதவீதமாக்கினால், சரளைத் தரையில் எத்தனை டிகிரி வரை பிடிப்பு தாங்கும்? 26.6 டிகிரி கரையைத் தாண்டுகிறதா?

மூன்று: உங்கள் டீமின் இப்போதைய ரேஷியோவை எழுதி, அதற்கு எதிரே அது எந்த மேட்டுக்கு, எந்தத் தரைக்கு என்று எழுதுங்கள். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால், அடுத்த டிராயிங் போடுவதற்கு முன் போனையும் பலகையையும் எடுத்துக்கொண்டு வெளியே போய் ஒரு மேட்டை அளந்துவிட்டு வாங்க. கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.